கெக்கலி: ஒரு சொல்லின் வரலாறும் நமது சிரிப்பும்

மக்களுக்குச் சிறப்பாக அமைந்த செயல்களுள் சிரிப்பும் ஒன்று. அழுகை பிறந்த அன்றே வருகிறது. சிரிப்போ சில வாரங்கள் கழிந்த பின்னரே குழந்தையின் முகத்தில் தோன்றுகிறது. தனித்திருந்தும் அழலாம், சிரிப்பதற்கோ பெரும்பாலும் எதிரே மற்றொரு முகம் வேண்டும். ஆதலின் ஒரு மக்கட்கூட்டம் எதைக் கண்டு சிரிக்கிறது, யாரோடு சேர்ந்து சிரிக்கிறது, யாரைப் பார்த்துச் சிரிக்கிறது என்பவற்றை ஆராய்வோமாயின் அக்கூட்டத்தின் உள்ளத்தையே அறிந்துகொள்ளலாம். அவ்வாராய்ச்சிக்குப் பற்றுக்கோடாக ஆங்கிலத்தில் வழங்கும் ஒரு சிறு சொல்லை ஈண்டு எடுத்துக்கொள்வோம். அச்சொல் ‘சார்ட்டில்’ என்பது. உள்ளம் நிறைந்த மகிழ்ச்சியினால், அடக்க முயன்றும் அடங்காது, தொண்டையிலும் மூக்கிலும் ஒருங்கே ஒலித்து வெளிப்படும் சிரிப்பு என்பது அதன் பொருள்.

ஆங்கிலச் சொல் ஒன்றின் வரலாறு தோட்டத்துத் தமிழருக்கும் பட்டணத்துத் தமிழருக்கும் எதற்கு என்று சிலர் வினவலாம். நாம் துறைமுகங்களின் வழியாக வந்த மக்கள். பினாங்குத் துறையில் இறங்கிய நம் முன்னோர் தம் உடைமைகளோடு சொற்களையும் இறக்கினர். பிறர் சொற்களைத் தாமும் ஏற்றுக்கொண்டனர். ஒரு சொல் எவ்வாறு பிறக்கிறது, எவ்வாறு உயர்கிறது, எவ்வாறு இழிகிறது என்பதை நம்மினும் நன்கு உணரத்தக்கவர் யாவர்? ஆகவே அன்பர்கள் சற்றுப் பொறுமையுடன் நம்மைப் பின்தொடர வேண்டுகிறோம்.

சொற்களில் பெரும்பாலானவற்றிற்குப் பிறந்த நாள் தெரியாது. பெற்றவர் பெயரும் தெரியாது. ‘சார்ட்டில்’ என்ற சொல்லுக்கோ இரண்டும் தெரியும். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு நகரின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் கணிதம் கற்பித்த சார்லஸ் லட்விட்ஜ் டாட்ஜ்ஸன் என்பவர், லூயிஸ் கேரல் என்னும் புனைபெயரில் சிறுவர் கதைகள் எழுதினார். அவர் 1832-இல் பிறந்து 1898-இல் மறைந்தவர். ஆலிஸ் என்னும் சிறுமியைத் தலைவியாகக் கொண்டு 1865-இல் ஒரு கதையும், அதன் தொடர்ச்சியாக 1871-ஆம் ஆண்டின் இறுதியில் கண்ணாடிக்குள் நுழைந்து செல்லும் மற்றொரு கதையும் வெளியிட்டார். இரண்டாவது நூலில் பொருளற்ற சொற்களால் புனைந்த வேடிக்கைப் பாட்டொன்று வருகிறது. கொடிய விலங்கு ஒன்றைக் கொல்லப் போன மகன் வெற்றியோடு திரும்புகிறான். அவனைக் கண்ட தந்தை களிப்பு மேலிட்டுச் சிரிக்கிறார். அச்சிரிப்பைக் குறிப்பதற்கு அதுகாறும் ஆங்கிலத்தில் இருந்த சொற்களுள் எதுவும் போதாதென்று கருதியவர்போல், கேரல் புதிதாக ஒரு சொல்லைச் செய்துகொண்டார். அதுவே ‘சார்ட்டில்’.

இதனை அவர் எவ்வாறு செய்தார் என்பதும் அறியத்தக்கது. ஆங்கிலத்தில் ‘சக்கிள்’ என்றால் வாய்க்குள் அடங்கிய மெல்லிய சிரிப்பு. ‘ஸ்நார்ட்’ என்றால் மூக்கின் வழியே வரும் சீறல். இவ்விரண்டையும் நசுக்கி ஒன்றாக்கியதே இச்சொல் என்பது அகராதி ஆசிரியர்களின் துணிபு. அந்நூலிலேயே முட்டை வடிவான பாத்திரம் ஒன்று, அப்பாட்டின் முதற்பகுதியில் வரும் இவ்வகைச் சொற்கள் சிலவற்றிற்கு விளக்கம் கூறுகிறது. பயணத்திற்கு எடுத்துச் செல்லும், இரு அறைகளாகத் திறக்கும் தோற்பெட்டிக்குப் ‘போர்ட்மான்ட்டோ’ என்று பெயர். அப்பெட்டியில் இரு பக்கமும் துணி அடுக்குவதுபோல ஒரு சொல்லுக்குள் இரு பொருளை அடைத்திருக்கிறது என்பது அதன் கூற்று. அன்று முதல் இத்தகைய சொற்களுக்கெல்லாம் ‘போர்ட்மான்ட்டோச் சொற்கள்’ என்னும் பெயர் நிலைத்துவிட்டது. புகையும் மூடுபனியும் கலந்ததைக் குறிக்கும் ‘ஸ்மாக்’ என்ற சொல்லும், காலையுணவும் நண்பகலுணவும் ஒன்றானதைக் குறிக்கும் ‘பிரஞ்ச்’ என்ற சொல்லும் இவ்வினத்தனவே.

கேரல் அப்பாட்டில் செய்த சொற்கள் பல. அவற்றுள் பெரும்பாலானவை அப்பாட்டோடு நின்றுவிட்டன. ‘சார்ட்டில்’ போன்ற மிகச் சிலவே நாள்தோறும் பேசும் பேச்சிலும் செய்தித்தாளிலும் நுழைந்தன. காரணம் என்னை? மக்களுக்கு அச்சொல் தேவையாயிருந்தது. எத்துணைப் பெரிய புலவர் செய்தாலும் தேவையற்ற சொல் வாழாது. தேவையான சொல்லோ விளையாட்டாகப் பிறந்தாலும் வாழும். புதுச்சொல் படைக்க முயலும் நம் தமிழன்பர்கள் இதனை நினைவிற்கொள்வார்களாக.

அச்சொல் இங்கிலாந்தில் அச்சேறிய அதே 1871-இல் பினாங்கின் நிலை யாது? 1786-இல் பிரான்சிஸ் லைட் கைக்கொண்ட இத்தீவு, 1867 முதல் சிங்கப்பூர், மலாக்காவுடன் நீரிணைக் குடியேற்றம் என்னும் முடியாட்சிக் குடியேற்றமாக ஆளப்பட்டுக்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் இருந்த வெல்லெஸ்லி மாகாணத்தின் கரும்புத் தோட்டங்களில் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்துக்கொண்டிருந்தனர். அவ்வொப்பந்த முறை 1910-இல்தான் ஒழிக்கப்பெற்றது. அக்காலத்து அரசாங்க அறிக்கைகளைப் புரட்டினால் எத்துணைப் பேர் இறங்கினர், எத்துணைப் பேர் நோயுற்றனர், எத்துணைப் பேர் ஓடிப்போயினர், எத்துணைப் பேர் மாண்டனர் என்ற கணக்குகளைக் காணலாம். அவர்கள் சிரித்தார்களா என்று எழுதுவதற்கு அவ்வறிக்கைகளில் இடமில்லை. எனினும் சிரித்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. சிரிப்பின்றி மக்கள் அவ்வாழ்க்கையைத் தாங்கியிருக்க இயலாது.

நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த கப்பல்கள் முதலிற் கண்ட மலாயாத் துறை பினாங்கு. 1926-இல் கட்டப்பெற்று ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஓடிய ரஜூலாக் கப்பலை முதியவர்கள் பலர் இன்றும் நினைவுகூர்வர். தகரப்பெட்டியும் பாயும் சுமந்து இறங்கியவர்களுள் எத்தனையோ பேர் ஜெரெஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமைக் கடந்தே தோட்டங்களுக்குச் சென்றனர். அவர்களுக்கும் பல நூற்றாண்டுகள் முன்னரே வாணிகத்தின் பொருட்டு வந்த தமிழர்கள் தம் சொற்களை மலாய் மக்களுக்கு வழங்கியிருந்தனர். மலாயர் கப்பலைக் ‘காப்பால்’ என்பர். கடையைக் ‘கெடை’ என்பர். கட்டிலைக் ‘காத்தில்’ என்பர். வாணிகத்திற்கு இடும் முதலை ‘மோடால்’ என்பர். பெட்டியையும் ‘பெத்தி’ என்றே சொல்வர். தோட்டத்திலோ நாம் பிறர் சொற்களை எடுத்துக்கொண்டோம். காலையில் ஆளெண்ணும் அணிவகுப்பாகிய ‘பெரட்டு’, ஆங்கிலத்துப் ‘பரேடு’ என்ற சொல்லின் சிதைவே. கேரல் மேசைமீது அமர்ந்து ஒரு பெட்டிக்குள் இரு சொற்களை அடைத்தார். பினாங்குத் துறையோ எழுத்தறியாத மக்களின் வாயிலேயே அவ்வேலையை நாள்தோறும் செய்துவந்தது.

இனி, ‘சார்ட்டில்’ என்பதற்கு ஒத்த தமிழ்ச்சொல் உண்டா என்று பார்ப்போம். நம் மொழியில் சிரிப்பின் வகைகளுக்குச் சொற்பஞ்சம் இல்லை. முறுவல், புன்னகை, குறுநகை, இளநகை ஆகியன ஒலியற்ற சிரிப்புகள். ஒலியுடன் கூடிய சிரிப்பைத் தமிழர் பெரும்பாலும் ஒலிக்குறிப்பினாலேயே உணர்த்துகின்றனர். ‘களுக்’கென்று சிரித்தாள், ‘கொல்’லென்று சிரித்தார்கள், ‘கலகல’வென்று சிரித்தது குழந்தை, ‘கடகட’வென்று சிரித்தார் பெரியவர் என்னும் வழக்குகளை நோக்குக. ஆங்கிலேயர் ஒவ்வொரு சிரிப்புக்கும் ஒரு தனி வினைச்சொல் தேட, நாம் ஒரே வினைக்கு முன்னே ஒரு குறிப்பை வைத்து வேறுபாட்டைக் காட்டிவிடுகிறோம்.

ஆயினும் ஒரே சொல்லில் கூறவேண்டுமாயின் ‘கெக்கலி’ என்பதே ‘சார்ட்டில்’ என்பதற்கு மிக அணித்தாக நிற்கிறது. அதுவும் தொண்டையில் எழும் ஒலியைக்கொண்டே பிறந்த சொல்லாகத் தோன்றுகிறது. மலாய் மொழியிலும் இவ்வாறு சிரிப்பதைத் ‘தெர்கெக்கே கெக்கே’ என்பர். இஃது ஒன்றிலிருந்து மற்றொன்று கடன்பெற்றது என்று நாம் கூறவில்லை. மக்களின் தொண்டை எங்கும் ஒன்றே என்பதற்கு இது சான்று. கோழியின் குரலும் சிரிப்புக்கு உவமையாகி இரு மொழியிலும் வந்திருத்தல் காண்க. ஆங்கிலத்துச் ‘சக்கிள்’ என்பது கோழி கூவும் ஒலியோடு தொடர்புடையது. தமிழில் ‘கொக்கரித்தல்’ என்பதும் அவ்வாறே.

பழந்தமிழ் இலக்கணம் இதனை இன்னும் நுட்பமாக ஆராய்ந்துள்ளது. தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல், உள்ளத்து நிகழ்வு உடலில் வெளிப்படும் எட்டு வகைகளைக் கூறுமிடத்து, நகையை முதலில் வைத்து உவகையை இறுதியில் வைக்கிறது. நகை பிறக்கும் இடங்கள் எள்ளலும் இளமையும் பேதைமையும் மடமையுமாம். உவகை பிறக்கும் இடங்கள் செல்வமும் அறிவின் நுகர்ச்சியும் கூட்டமும் விளையாட்டுமாம். இப்பகுப்பை ஊன்றி நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். நகைக்குச் சொன்ன நான்கனுள் மிகுதியானவை பிறரிடத்தோ தம்மிடத்தோ உள்ள ஒரு குறையைக் கண்டு சிரிப்பன. உவகையோ நிறைவினின்று பிறப்பது. மகன் உயிரோடு மீண்டதைக் கண்டு தந்தை சிரித்தாரே, அவர் யாருடைய குறையைக் கண்டு சிரித்தார்? உவகையிற் பிறந்து நகையாய் வெளிப்பட்ட சிரிப்பு அது. ‘சார்ட்டில்’ என்ற சொல்லின் உயிர்நிலை இதுவே.

ஆனால் அச்சொல்லின் பிற்கால வரலாறு அத்துணை இனியதன்று. நாளடைவில் ஆங்கிலப் பத்திரிகைகள் அதனை வேறு வகையாகவும் ஆளத் தொடங்கின. எதிர்க்கட்சி தோற்றபோது ஒருவர் சிரிப்பதும், போட்டியாளர் நொடித்தபோது வணிகர் சிரிப்பதும் ‘சார்ட்டில்’ எனப்பட்டன. தன்னிறைவும் பிறர் தாழ்வில் மகிழ்தலும் அச்சொல்லினுள் புகுந்தன. இன்று மகிழ்ச்சிப் பொருளும் ஏளனச் சாயலும் அதில் கலந்தே இருக்கின்றன. நம் ‘கெக்கலி’க்கும் இதுவே நேர்ந்தது. ‘கெக்கலி கொட்டினான்’ என்றால் பிறன் வீழ்ச்சியைக் கண்டு கைகொட்டிச் சிரித்தான் என்றே இன்று பலர் பொருள்கொள்வர். ‘கொக்கரித்தான்’ என்பதோ முற்றும் செருக்கைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. எழுத்து மாறவில்லை; ஒலி மாறவில்லை; சிரித்தவர் மனம் மாறியது, சொல்லும் மாறிற்று.

சிரிப்புச் சொற்களுக்கு மட்டுமன்று, சிரிப்புக்கு இலக்கான சொற்களுக்கும் இவ்விதி பொருந்தும். அதற்குச் சான்று பினாங்கின் நடுத்தெருவிலேயே நிற்கிறது. காதர் மொகிதீன் மரைக்காயர் என்னும் தென்னிந்திய வணிகர் அக்காலத்துச் சூலியர் சமூகத்தின் தலைவர். ‘கப்பித்தான் கெலிங்’ என்பது அவருக்கு அமைந்த பதவிப்பெயர். 1801-இல் தொடங்கிய பள்ளிவாசல் அப்பெயராலேயே இன்றும் விளங்குகிறது. பிட் தெரு என்றிருந்த வீதியும் பிற்காலத்தில் அப்பள்ளிவாசலின் பெயரைப் பெற்றது. ‘கெலிங்’ என்பது கலிங்கம் என்னும் நாட்டுப்பெயரோடு இயைந்த பழஞ்சொல்; தென்னிந்தியரைக் குறிக்கும் பொதுப்பெயராக அது மலாய் உலகில் வழங்கியது. அதே சொல்லைப் பின்னர்த் தெருவில் ஏளனச் சிரிப்போடு உச்சரித்தனர். கூலிகளின் கால் விலங்கொலி என்று அதற்குப் புதுக்கதையும் கட்டினர். பள்ளிவாசலின் முகப்பில் பெருமையாய் நிற்கும் சொல், சிறுவனொருவன் முதுகுக்குப் பின்னால் கேட்கும்போது வசையாயிற்று. சொல்லை இழித்தது எது? அதனோடு சேர்த்து வீசப்பட்ட சிரிப்பே.

சிரிப்பினால் இழிவு நேர்வதுபோல, சிரிப்பினால் துயரமும் உருமாறும். பினாங்கின் ‘போரியா’க் கூத்தை அறியாதார் சிலர். கர்பலாவில் 680-ஆம் ஆண்டில் இமாம் ஹுசைன் கொல்லப்பட்டதன் நினைவாகிய முகர்ரம் நாட்களோடு தொடர்புடையதாய் இது தொடங்கியது. சென்னைப் படையினருடன் வந்த இந்திய முஸ்லிம்கள் 19-ஆம் நூற்றாண்டில் கொணர்ந்தது என்பர். பினாங்கின் மலாயரும் ஜாவி பெரானாக்கான் மக்களும் கையேற்றபின், நகைச்சுவை நாடகம் முன்னும், தலைப்பாடகர் பாட அணியினர் ஆடிப்பாடும் பகுதி பின்னுமாக அமைந்த கேளிக்கையாக அது மாறிற்று. துக்க நாளில் கூத்தா என்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீர்திருத்தம் நாடிய முஸ்லிம்கள் அதனைக் கண்டித்தனர். இக்காலத்திலோ முகர்ரத்தினின்று பிரிந்து, பினாங்கின் தனிக்கலையாக எல்லாரும் கண்டு சிரிக்கும் ஆட்டமாக அது நிற்கிறது. அழுகையில் தொடங்கி நகையில் முடிந்த இதனைச் சமயக் கண்கொண்டு பார்ப்பார் ஒருவகையாகவும், கலைக் கண்கொண்டு பார்ப்பார் மற்றொரு வகையாகவும் மதிப்பிடலாம். பல இனத்தார் ஒரே திடலில் நின்று ஒன்றாகச் சிரிக்கும் வாய்ப்பை அது தந்தது என்பதை மட்டும் இருசாராரும் மறுக்க இயலாது.

இனித் தோட்டத்திற்கு வருவோம். 1941-இல் சிலாங்கூரில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுடைய கோரிக்கைகளுள் கூலி உயர்வு மட்டும் இருக்கவில்லை. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும் என்பதும் ஒன்று. கள்ளுக்கடை மூடப்படவேண்டும் என்பதும், பெண்களிடம் முறைதவறி நடத்தல் நிற்கவேண்டும் என்பதும் வேறு சில. தலைவர் ஆர். எச். நாதன் நாடுகடத்தப்பட்டார், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிர்நீத்தனர். சைக்கிளில் அமர்ந்தபடி செல்வதையே பிழையாகக் கருதிய இடத்தில், வாய்விட்டுச் சிரிப்பது எவ்வாறு கருதப்பட்டிருக்கும் என்பதை நாம் சொல்லவேண்டுவதில்லை. தலைநிமிர்ந்து நடத்தலும் தடையின்றிச் சிரித்தலும் ஒரே உரிமையின் இரு பக்கங்கள்.

அதே ஆண்டு டிசம்பரில் பினாங்கில் நிகழ்ந்தது மற்றொரு பாடம். டிசம்பர் 11-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுனின்மீது குண்டு பொழிந்தன. வானூர்திகளை வேடிக்கை பார்க்கத் தெருவில் திரண்டிருந்த மக்களுள் பலர் மாண்டனர். சில நாட்களுக்குள் ஆட்சியாளரும் ஏனைய ஐரோப்பியரும் இரவோடிரவாகக் கப்பலேறிப் போய்விட்டனர். ஆசியரான நகர மக்கள் கைவிடப்பட்டனர். நேற்றுவரை செருக்கோடு ஆண்டவர்கள் ஓடிய காட்சியைக் கண்டு கெக்கலி கொட்டுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆயினும் ‘ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ’ பத்திரிகையின் ஆசிரியராயிருந்த இலங்கைத் தமிழர் எம். சரவணமுத்து, நகரப் பெருமக்களைக் கூட்டிச் சேவைக் குழு அமைத்து ஒழுங்கைக் காக்க முனைந்தார். கார்ன்வாலிஸ் கோட்டையில் இன்னும் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கினார். நகரில் படை இல்லை, குண்டு வீசவேண்டாம் என்று வானொலி வாயிலாக அறிவிக்கச் செய்தார். ஓடியவரைப் பார்த்துச் சிரிப்பதைவிட இருந்தவரைக் காப்பது பெரிது என்று அச்செயல் காட்டிற்று.

இவற்றையெல்லாம் கூறிய நாம், பிறர் நம்மைப் பார்த்துச் சிரித்ததை மட்டும் கூறி, நாம் பிறரைப் பார்த்துச் சிரிப்பதை மறைப்பது முறையன்று. நம் நாடகமேடைகளில் கோமாளி யாரைக் காட்டிச் சிரிக்க வைத்தான்? திக்குவாயனையும் நொண்டியையும், தாழ்ந்த சாதியென்று ஒதுக்கப்பட்டவனின் பேச்சையும், குடிகாரனிடம் அடிபடும் மனைவியையும் காட்டியன்றோ! இவை நகைக்குரியனவல்ல, நாணத்திற்குரியன. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் இதற்கு மாற்றுவழி காட்டினார். 1949-இல் வெளிவந்த ‘நல்லதம்பி’ படத்தில், ஒடுக்கப்பட்ட சிறுவன் ஒருவன் கல்வி கற்று உயர்வதைக் ‘கிந்தனார்’ என்னும் கதாகாலட்சேபமாக அவர் நடத்தியபோது, மக்கள் ஒடுக்கப்பட்டவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஒடுக்கியவரின் அறியாமையைப் பார்த்துச் சிரித்தனர். சிரிப்பின் திசையை மாற்றியதே அவர் செய்த பெருந்தொண்டு.

‘பொம்பளை சிரிச்சா போச்சு, புகையிலை விரிச்சா போச்சு’ என்று ஒரு பழமொழியை இன்னும் சிலர் வீடுகளில் சொல்லித் திரிகின்றனர். புகையிலையை விரித்தால் காற்றில் மணம் போகும் என்பது சரி. பெண் சிரித்தால் எது போய்விடும்? விடியுமுன் எழுந்து, குழந்தையைப் பிள்ளைக்கொட்டகையில் விட்டு, மரம் வெட்டி, பால் சுமந்து, மாலையில் அடுப்பும் மூட்டிய தோட்டத்துத் தாய்மார்க்குச் சிரிக்கும் உரிமையையும் மறுத்தவர்கள் வெள்ளைத்துரைமார் மட்டுமல்லர், நாமும் மறுத்தோம். கேரலின் கதையில் ஏழரை வயதுச் சிறுமி ஒருத்தி அரசியரோடும் விலங்குகளோடும் வாதாடுகிறாள். அவளை வாயடக்கிவிட்டு அக்கதை ஓரடியும் நகராது. நம் வீட்டுச் சிறுமியோ உரக்கச் சிரித்தால் பாட்டி முதல் தமையன் வரை அனைவரும் அதட்டுகின்றனர்.

ஆகவே ‘சார்ட்டில்’ என்னும் சொல்லை மொழிபெயர்ப்போர் இடமறிந்து ஆளவேண்டும். பிறர் தாழ்வில் பிறந்த சிரிப்பாயின் ‘எள்ளி நகைத்தான்’ என்க. ‘கெக்கலி கொட்டினான்’ எனினும் தகும். நிறைவில் பிறந்த சிரிப்பாயின் ‘களிப்பு மேலிட்டுச் சிரித்தான்’ என்க. அன்றிக் ‘கெக்கலித்தான்’ என்ற சொல்லையே அதன் பழம்பொருளில் மீட்டு வழங்குக. இழிந்த சொல் மீண்டும் உயராது என்பதில்லை. வழங்குவோர் உள்ளம் தூய்மையுறின் சொல்லும் தூய்மையுறும்.

தோழர்களே! பரீட்சையில் தேறிய மகள் ஓடிவந்து சொல்லும்போது தாய் சிரிப்பாளே, அச்சிரிப்பு நம் இல்லங்களில் பெருகுக. நெடுநாள் கழித்துத் துறைமுகத்தில் உடன்பிறந்தானைக் கண்டவன் சிரித்த சிரிப்பு நம் கூட்டங்களில் பெருகுக. ஒருவன் தலைகுனிய மற்றவன் சிரிக்கும் சிரிப்பு, அது துரையின் வாயிலிருந்து வரினும் நம் வாயிலிருந்து வரினும் ஒழிக. சிரிப்பதற்கு முன் எதிரே நிற்பவனும் நம்மோடு சேர்ந்து சிரிப்பானா என்று ஒருகணம் நோக்குவோம். அவனும் சிரிப்பானாயின் அடக்கவேண்டா. மூக்கிலும் தொண்டையிலும் ஒருங்கே ஒலிக்கச் சிரிப்போம்.